அகராதிக்குப் போட்ட முறை

ஆபேலைக் கண்டாலே சகாயசெல்விக்குப் பற்றிக்கொண்டு வரும். சொந்தப் பெரியப்பா மகன்தான், என்ன செய்ய?

சண்டை எதற்கு என்று கேட்டால் இனயம் கடற்கரை ஊரில் எவனும் சிரிப்பான். ஜப்பான் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் எப்படி எழுதுவது என்பதற்கு! சென்னையில் ஜப்பான் மொழி படித்துவிட்டு வந்த செல்வி, கப்பல் வேலைக்குப் போகிற ஊர்ப் பையன்களுக்காக இணையத்தில் ஒரு ஜப்பான்-தமிழ் அகராதி தொடங்கினாள். அப்போதைய செல்போன்களில் ஜப்பான் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் எல்லாமே இங்கிலீஷ் எழுத்தில். சொற்கள் முழுக்க அவள் உழைப்பு. தளம் மட்டும் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஆபேலின் பேரில். ஒரு நகல் தா என்று கேட்டால், "நான் என்ன செத்தா போனேன்?" என்று வாயை அடைத்துவிடுவான்.

காதில் விழுகிறபடி எழுத வேண்டும் என்பது அவள் கட்சி. ஜப்பான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற எழுத்துதான் ஒழுங்கு என்பது, ஜப்பான் கப்பலில் போய்வந்த ஆபேலின் கட்சி. சுனாமி என்ற சொல்லில் வந்து முட்டிக்கொண்டது. அந்தச் சொல்லில் டி-க்கு அடுத்த எஸ்ஸைத் தூக்கிவிட்டான் அவன்.

"அண்ணே, சுனாமி காலனி போர்டுல, பேப்பர்ல எல்லாம் எஸ்ஸோடதான் கிடக்கு. அத எடுத்தா நம்ம கரையில எவன் தேடிக் கண்டுபிடிப்பான்?"

"ஒழுங்குன்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான். செத்தவங்களுக்காக எழுத்த மாத்த முடியாது, ஏட்டி."

அந்த அலையில் போனவள் செல்வியின் அம்மா, அவனுக்குச் சித்தி. பாவி, எப்படித்தான் வாய் வந்ததோ! அன்றிலிருந்து அவள் காலையில் மாற்றுவாள், அவன் சாயங்காலம் திருப்புவான். ஏச்சும் பேச்சும் தெரு முழுக்கக் கேட்டது. பொறுக்கமாட்டாமல் பெரியப்பா விஷயத்தை ஊர்க்கமிட்டிக்குக் கொண்டுபோனார்.

கமிட்டித் தலைவர் மரியான் கரமடிக்காரர். கரையில் நின்று வலை இழுக்கிற கரமடிக்காரர்கள் ஒரே கரையில் ஆளுக்கொரு நாள் முறை வைத்து இழுப்பார்கள். விடியலில் இறங்காதவனுக்கு முறை போச்சு, அது அடுத்தவனுக்கு. அதைவிட்டால் அவருக்கு வேறு நீதி தெரியாது.

"ஒரு வாரம் ஆபேலுக்க எழுத்து, ஒரு வாரம் செல்விக்க எழுத்து. ஞாயிறு முதல் பூசை மணிக்கு முறை மாறும்."

"மாமா, இது அகராதியாக்கும்! வாரத்துக்கு ஒரு எழுத்தா?"

"கடலயே பங்கு வச்சிருக்கோம், பிள்ள. இது என்ன பெரிய காரியம்?"

கூத்து தொடங்கியது. இந்த வாரம் கிடைத்த சொல் அடுத்த வாரம் கிடைக்காது. கப்பலிலிருந்து பையன்கள் போன் போட்டுத் திட்டினார்கள்.

ஒரு ஞாயிறு, ஆபேலின் முறை. முந்தின நாள் நெய்யூரில் கல்யாண வீடு. மத்தியானம் வரை அவன் குறட்டை விட்டான். செல்வி விடுவாளா? இறங்காதவன் முறை எனக்கு என்று அந்த வாரத்தையும் எடுத்துக்கொண்டாள். ஆபேல் கமிட்டியில் போய்க் குதித்தான். மரியான் அசையவில்லை.

"மணிக்கு இறங்கல்லல்லா? முறை போச்சு மக்கா."

கமிட்டியே சிரித்தது. செல்வி எல்லாரையும்விடச் சத்தமாக, அவன் மூஞ்சிக்கு நேரே சிரித்தாள். எத்தனை நாள் வயிற்றெரிச்சல்!

ஆபேல் நேரே சென்டருக்குப் போனான். சாயங்காலம் அவள் தளத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். ஓடிப்போய்க் கேட்டாள்.

"அழிச்சாச்சு," என்றான் அவன், திரையிலிருந்து கண் எடுக்காமல். "எனக்க பேரு, எனக்க இடம். இனி போய்ச் சிரி."

அவள் மரியானை இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் வெள்ளைத் திரையை உற்றுப் பார்த்தார். ஆபேலைப் பார்த்து உறுமினார்.

"அக்கிரமம்லே இது. இனி ரெண்டு முறை உனக்குக் கிடையாது. ரெண்டும் செல்விக்கு."

"எதுல, மாமா?" என்றாள் செல்வி.

மரியான் திரும்பிப் பார்த்தார்.

"கடல எவனும் அழிக்க முடியாது, மாமா. அதாக்கும் உங்க கரமடி முறை இத்தன நாளு நின்னது."