தரை தொட்ட விரிப்புகள்

ஓட்டலிலிருந்து திரும்பி வந்த மூட்டையைப் பார்த்ததுமே சிட்டு மடிப்பதை நிறுத்திவிட்டாள். துவைத்து மடித்து அனுப்பிய படுக்கை விரிப்புகள் சலவைக்கூடத்துக்கே திரும்பி வருகின்றன என்றால் யாரோ ஒருவர் தலை உருளப்போகிறது என்று அர்த்தம். யார் தலை என்பதும் அவளுக்குத் தெரியும்.

விசில்தான் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் அங்கே சூப்பர்வைசர். இயந்திரங்களின் இரைச்சலில் குரல் எடுபடாது என்று கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதை வைத்தே மனிதர்களை மேய்க்கிறவர். பெற்றவர்கள் வைத்த பெயரை மறந்து எல்லோரும் அவரை விசில் என்றே சொல்லிப் பழகியாயிற்று.

சிட்டு அன்றைக்கு வீட்டில் இருந்திருக்க வேண்டியவள். இடது அக்குளில் இருந்த கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். நல்ல வேளையாகக் கெட்ட கட்டியில்லை. ஆனால் காயம் ஆறும்வரை கையைத் தோளுக்கு மேல் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, லீவுக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். சட்டப்படி அவளுக்குச் சேர வேண்டிய லீவுதான். அது பாதிகூட முடியாதபோது விசில் போன் செய்தார்.

"லீவு உன் உரிமைம்மா, நான் வேணாம்னு சொல்லவே இல்லையே. நல்லா ரெஸ்ட் எடு. திரும்பி வரும்போது உன் இடத்துல வேற ஆள் நின்னா மட்டும் என்னைக் கேக்காத."

தேனொழுகத்தான் பேசினார். மறுநாளே சிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். வேன் ஓட்டுகிறவர் கால் ஒடிந்து கிடந்தபோது அவர் இடத்தை யாரும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. பழக்கூடையோடு போய் நலம் விசாரித்துவிட்டு வந்தவரும் இதே விசில்தான். பெண்களுக்கு உடம்பு முடியாமல் போனால் மட்டும் இந்த மனிதருக்கு எங்கிருந்துதான் அவசரம் பொத்துக்கொண்டு வருமோ!

மடிப்பது ஒற்றை ஆள் வேலையில்லை. ஆளுக்கொரு பக்கம் நின்று விரிப்பைத் தலைக்கு மேல் உயர்த்தி, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒருத்தி கை தாழ்ந்தால் மடிப்பு கோணிக்கொள்ளும். சிட்டுவின் ஜோடி நெட்டையக்கா. வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற உயரம். சிட்டு திரும்பி வந்த அன்று, அவள் கை மார்புக்கு மேலே ஏறாமல் நின்றதை அக்கா பார்த்தாள். தன் கையையும் அதே உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். மடிப்பு நூல் பிடித்த மாதிரி வந்தது.

ஆனால் விரிப்பு பெரியது. இரண்டு பேரும் கையைத் தாழ்த்தியதில் அதன் நடுப்பகுதி தரையைக் கூட்டிக்கொண்டு போனது. மூலைகளையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர்களுக்குக் கீழே பார்க்கத் தோன்றவில்லை.

விசில் ஊதினார். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒரு விரிப்பைப் பிரித்துக் காட்டினார். நடுவில் ஒரு அழுக்குக் கோடு. அடுத்ததிலும் அதே இடத்தில் அதே கோடு.

"எந்த ஜோடி மடிச்சது இது?"

சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னால் வேலை போகும். வேலை போனால் வீட்டில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டுதான் உட்கார வேண்டும்.

"நான்தான் சார்," என்றாள் நெட்டையக்கா. "குனிஞ்சு குனிஞ்சே பழகிடுச்சு. வயசாகுதுல்ல."

"வயசானா வீட்டுல இரு. நாளையிலேருந்து வர வேணாம்."

அக்கா ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க சிட்டுவால் முடியவில்லை. தன்மீதே ஆத்திரம் வந்தது.

"அக்கா இல்ல சார், நான்தான். எனக்குக் கைய தூக்க முடியல."

"முடியலையா? தூக்கு, பாப்போம்."

எல்லோர் முன்னாலும் தூக்கினாள். கை மார்போடு நின்றது. இன்னும் கொஞ்சம் முயன்றாள். கண்ணில் பொறி பறந்தது. கை தானாக இறங்கிவிட்டது.

"என் லீவு இன்னும் பாக்கி இருக்கு சார். நீங்க போன் பண்ணதாலதான் வந்தேன். மிச்சத்த நாளையிலேருந்து எடுத்துக்கறேன். முடிஞ்சதும் இதே இடத்துக்குத்தான் வருவேன்." குரல் பாதியில் கீச்சிட்டது. ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது.

விசில் சிரித்தார். "தாராளமா எடு. காலைல இங்க புது ஆள் நிக்கும்."

இதற்குப் பயந்துதானே இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தாள்! சிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

நெட்டையக்கா அவிழ்த்த முடிச்சை மறுபடி இறுக்கிக் கட்டினாள். "நிக்கட்டும் சார். எதிர்ல யார் வந்து நின்னாலும் சரி, இவ திரும்பி வர்ற வரைக்கும் என் கை இதுக்கு மேல ஏறாது." கையை மார்பளவில் நிறுத்திக் காட்டினாள்.

"உனக்கும் சேத்துத்தான் புது ஆள்!" விசில் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எல்லாரும் என்ன வேடிக்கை? வேலையப் பாருங்க!" விசிலை ஓங்கி ஊதினார்.

இயந்திரங்கள் மறுபடி இரைந்தன. வெளியே ஓட்டல் வேன் ஹாரன் அடித்தது. பக்கத்து மேசை ஜோடி ஒரு வெள்ளை விரிப்பை எடுத்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கைகள் மார்பளவுக்கு ஏறி, அங்கேயே நின்றன. விரிப்பு தரையைக் கூட்டிக்கொண்டு போனது.

அதற்கடுத்த மேசையிலும் ஒரு விரிப்பை எடுத்தார்கள்.