இரவல் குரல்

சாந்தோமில் ஒரு கல்யாண வரவேற்பில் ஆலிஸ் பாடியதைக் கேட்டுவிட்டு, சுஹாஸ் மறுநாளே வீடு தேடி வந்தான். அடையாறில் இருக்கும் ஓர் இசை நிறுவனத்துக்குப் புதுப் பாடகர்களைப் பிடித்துக் கொடுப்பது அவன் வேலை. ஆலிஸின் அம்மா ஆரோக்கியமேரி கொடுத்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

"அஞ்சு வருஷ ஒப்பந்தம் ஆன்ட்டி. நாங்களே பயிற்சி கொடுத்து ஆல்பம் போடுவோம். அதுவரைக்கும் இவங்க குரல் வெளியில எங்கயும் கேட்கக் கூடாது. கோயில்லகூட."

"கோயில்லகூடவா?"

"ஆல்பம் வந்துட்டா ஊரே கேட்குமே."

ஆலிஸ் கையெழுத்துப் போட்டாள். பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேலையையும் விட்டாள்.

பயிற்சி கொடுத்த மதுமதிக்கு நாற்பது வயதிருக்கும். எப்போதும் கிசுகிசுப்பாகத்தான் பேசுவாள். "குரலை இன்னும் கீழ அழுத்து. வார்த்தை முடியும்போது மூச்சை விடு," என்பாள். ஆலிஸுக்கு இயல்பாக வந்த எதுவும் அங்கே எடுபடவில்லை. பதிவு செய்ததையெல்லாம் சும்மா பயிற்சிக்கு என்றார்கள். மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஆல்பத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

ஒருநாள் தி. நகரில் புடவைக் கடையில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வைதேகியோட புதுப் பாட்டு. இந்த வயசுலயும் இன்னா குரல் பாரு," என்றாள், அந்த மூத்த பாடகியின் ரசிகையான அம்மா.

ஆலிஸின் கை புடவைமேல் அப்படியே நின்றது. பயிற்சியில் அவள் பாடிய பாட்டு அது. சரணத்தில் ஓரிடத்தில் அவளுக்கு நாக்கு லேசாகத் தடுக்கியிருந்தது. அந்தத் தடுக்கல் இப்போது கடை முழுக்கக் கேட்டது.

"அம்மா, அது நான்."

ஆரோக்கியமேரி சிரித்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மறுநாள் நிறுவனத்துக்கே போய்க் கேட்டபோது சுஹாஸ் மறுக்கவே இல்லை. "வைதேகி மேடத்தால இப்போ பாட முடியல. அது வெளிய தெரியக் கூடாது. உன்னை எதுக்கு வளர்க்கிறோம்னு நினைச்சே?"

"என் ஆல்பம்?"

"அடுத்த வாரம் இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு. தொண்டையப் பத்திரமா பார்த்துக்கோ."

மாடிப்படியில் மதுமதி காத்திருந்தாள்.

"காலைல தொண்டை எரியுதா?"

"கொஞ்சம். எழுந்ததும் மட்டும்."

"எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. உனக்கு முன்னாடி நான்தான் வைதேகி."

ஒப்பந்தத்தை மீற முடியாமல் பாடப்போன அந்த இரண்டு பாட்டும் முடிவதற்குள் ஆலிஸின் குரல் உடைந்தது. ராயப்பேட்டையில் பார்த்த டாக்டர், குரல் நாணில் வீக்கம், பேசவே கூடாது என்றார். சுஹாஸ் கோபப்படவில்லை. ஞாயிறுதோறும் ஆப்பிளோடு வந்து உட்கார்ந்தான். "ஒரு வார்த்தை சொல்லு, பார்க்கலாம்," என்பான். வெறும் காற்றுதான் வரும். போய்விடுவான்.

இரண்டு மாதம் கழித்து, அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம், ஆலிஸ் அடுப்படியில் மெல்ல முனகிப் பார்த்தாள். குரல் வந்தது. மதுமதி அழுத்தி அழுத்தி மாற்றிய குரல் அல்ல, அவளுடைய சொந்தக் குரல். வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் வருஷக்கணக்கில் இருந்தது.

அந்த ஞாயிறும் சுஹாஸ் வந்தான்.

"இன்னும் வரல," என்று காற்றாகச் சொன்னாள். அவன் அவள் கழுத்தையே பார்த்தான்.

"பரவாயில்ல. அடுத்த வாரம் எங்க டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன். தொண்டைக்குள்ள கேமரா விட்டுப் பார்த்துடுவாரு."

கேமரா எதைக் காட்டினாலும் இனி வைதேகியாகப் பாடுவதில்லை என்று ஆலிஸ் முடிவு செய்திருந்தாள். சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

இந்த முறை அவன் எழுந்து போகவில்லை. அம்மாவிடம் கத்தி கேட்டு வாங்கி, ஆப்பிளை நிதானமாக நறுக்கத் தொடங்கினான்.