நன்றியுரைக்கு ஒரு குரல்

தமிழ்க் கூட்டத்தில் "இப்போது நன்றியுரை" என்று அறிவித்தால் "இலை போட்டாச்சு" என்றுதான் அர்த்தம். நாற்காலிகள் கிறீச்சிடும். குழந்தைகள் ஓடும். மேடையில் ஒரு ஜீவன் காகிதத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்கும். புனேயில் எங்கள் ஔந்த் தமிழர் மன்றத்துக்கு இரண்டு வருஷம் செயலாளராக இருந்து, இதை இரண்டு தடவை பார்த்துப் பல்லைக் கடித்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருஷப் பொங்கல் விழாவில் மூன்றாம் முறையாகச் செயலாளர் பதவிக்கு நின்றேன். எதிராக நின்றவர் பாங்க் சந்திரமௌலி. எப்போதும் சிரித்த முகம், எல்லார் வீட்டுக் குழந்தையின் பெயரும் தெரியும். அப்படிப்பட்ட ஆசாமிகளை நம்பவே கூடாது. அதனால் ஒரு திட்டம் போட்டேன். நன்றியுரை முடிந்த கையோடு, சாப்பாட்டுக்கு முன்னால், கை தூக்கித் தேர்தல். நன்றியுரையை நானே எழுதி, அதில் என் உழைப்பைப் பற்றி நாலு இடத்தில் சேர்த்தேன். மனசு உருகியிருக்கும்போதே கையும் தூக்கிவிடுவார்கள் அல்லவா?

சிக்கல் இரண்டு. மைக் போடும் காசிம், ஏரவாடாவில் கல்யாணம் இருப்பதால் பதினோரு மணிக்கே கிளம்பிவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்; ஆக நன்றியுரைக்கு மைக் இருக்காது. இன்னொன்று, நன்றியுரையைச் செயலாளரின் மனைவி சொல்வதுதான் எங்கள் மன்றத்து வழக்கம். என் மனைவி சாவித்ரிக்கோ குரல் என்ற ஒன்றே கிடையாது.

மிகையில்லை. சமையலறையிலிருந்து அவள் கூப்பிட்டால் கூடத்தில் இருக்கும் எனக்குக் கேட்காது. காய்காரனிடம் பேரம் பேசுவது நான். டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வதும் நான்தான். ஒரு தடவை இடது பக்கத்தை வலது பக்கம் என்று சொல்லிவிட்டேன். அது பெரிய விஷயமில்லை.

நவம்பரில் பயிற்சி ஆரம்பமாயிற்று. அவளைத் தரையில் படுக்கவைத்து, ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டை வயிற்றின் மேல் வைத்தேன்.

"குரல் தொண்டையிலேருந்து வரப்படாது. வயித்துலேருந்து வரணும். ஆ... சொல்லு."

டைரக்டரி ஏறி இறங்கியது. சத்தம்தான் வரவில்லை. எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் செய்து காட்டியதில் பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் ஓடிவந்து, "காய் ஜாலா, வஹினி?" என்று பதறினாள். என்ன ஆயிற்று என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்தது மைதானம். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் காலி இடத்தில் அவளை ஒரு கோடியில் நிறுத்தி, நான் மறுகோடியில் கைக்குட்டையோடு நின்றேன். கேட்டால் கைக்குட்டையை ஆட்டுவதாக ஏற்பாடு. நாலு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கைக்குட்டை மடிப்புக் கலையவில்லை.

"நீங்க எழுதிக் குடுத்ததைத்தானே சொல்றேன்? எனக்குச் சொல்றதுக்கு அதுல ஒண்ணுமே இல்லியேன்னா," என்றாள் சாவித்ரி.

எனக்குச் சுருக்கென்றது. "அப்படின்னா சொல்றதுக்கு எங்க இருக்கோ அங்க போய்ச் சொல்லு. இனிமே கடை, ரேஷன், பஸ் எல்லாம் நீதான்," என்றேன். கோபத்தில் சொன்னதுதான். பிற்பாடு அதையும் பயிற்சி முறை என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாசத்தில் மண்ணெண்ணெய் வரிசையில் நடுவே புகுந்த மீசைக்காரன் ஒருவனை அவள் கடைசிக்கு அனுப்பினாள். பிறகு ஒரு நாள், நாங்கள் இறங்குவதற்குள் கண்டக்டர் மணி அடித்துவிட்டார். "தாம்பா!" என்று மராத்தியில் நிறுத்தச் சொன்னாள் சாவித்ரி. டிரைவர் போட்ட பிரேக்கில் என் நெற்றி கம்பியில் மோதிப் புடைத்துக்கொண்டது. அந்த வீக்கத்தை ஆபீஸில் பத்துப் பேரிடம் பெருமையாகக் காட்டினேன்.

வீட்டில்தான் சற்று சிரமம். "ஏன்னா, ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதேங்கோ!" என்று அவள் சமையலறையிலிருந்து சொன்னால் கீழ்வீட்டுச் சங்கரனும் தன் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். போகட்டும், எல்லாம் தேர்தல் வரைக்கும்தான் என்று பொறுத்துக்கொண்டேன்.

விழா நாளும் வந்தது. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஹாலில் நூற்றிருபது பேர். காசிம் மைக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மன்றத் தலைவர் எட்மண்ட் எழுந்து, "அடுத்து நன்றியுரை," என்றார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. வடை வாசனை வேறு.

சாவித்ரி மேடைக்கு வந்தாள். கையில் காகிதம் இல்லை.

"எல்லாரும் உட்காருங்கோ," என்றாள்.

கத்தவில்லை. ஆனால் உட்கார்ந்தார்கள். தட்டை எடுத்துவிட்டவர்கள் தட்டோடு உட்கார்ந்தார்கள்.

"சங்கரன் சார், காலம்பற அஞ்சு மணிக்கே வந்து ஒத்தை ஆளா இத்தனை நாற்காலியும் போட்டேள். நன்றி. மில்ட்ரெட் டீச்சர், நேத்திக்குப் பூரா உளுந்து அரைச்சேள். கை வலிக்கறதுன்னு யார்கிட்டயும் மூச்சு விடலை. நன்றி. மனுவேல் அண்ணா, கசார்வாடிலேருந்து சைக்கிள்ல கரும்புக்கட்டு கொண்டுவந்தேள். சந்திரமௌலி சார், பாத்திரம் தேய்க்க ஆள் வரலைன்னதும் வேட்டியை மடிச்சுக் கட்டிண்டு உட்கார்ந்தேள்."

இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஒருவரும் அசையவில்லை. தன் பெயர் எப்போது வரும் என்று ஹாலே காத்திருந்தது. மில்ட்ரெட் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் எங்காத்துக்காரர்," என்றாள். நான் அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டேன். "பதினேழு கமிட்டிக் கூட்டம் நடத்தினார். பதினேழுக்கும் நான் காப்பி போட்டேன். அவர் எழுதிக் குடுத்த நன்றியுரையை ஆத்துலயே வெச்சுட்டு வந்துட்டேன். அதுல உங்க யார் பேரும் இல்லை. ஆனா என்னை வாயைத் திறக்க வெச்சவர் அவர்தான். அதுக்கு நிஜமாவே நன்றி."

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. அது எனக்கா என்று ஒரு கணம் பார்த்தேன். இல்லை.

மில்ட்ரெட் டீச்சர் எழுந்தாள். "செயலாளர் பதவிக்கு சாவித்ரி பேரை நான் சொல்றேன்." சந்திரமௌலி சிரித்த முகத்தோடு எழுந்து, தான் விலகிக்கொள்வதாகச் சொன்னார். எட்மண்ட் சாவித்ரியைப் பார்த்து, "சம்மதமாம்மா?" என்றார்.

"அவளுக்கு இதெல்லாம்..." என்று நான் எழுந்தேன்.

"சம்மதம்," என்றாள் அவள்.

கைகளை எண்ணுவது நடப்புச் செயலாளரின் வேலை. அந்த விதியை எழுதியவனே நான்தான். சாவித்ரிக்கு ஆதரவாக எழுந்த கைகளை எண்ணி முடிக்கச் சாம்பார் ஆறிவிட்டது. பிறகு எட்மண்ட், "ஜம்பு அவர்களுக்கு?" என்று என் பெயரைச் சொன்னார். என் கையை நானே தூக்கிக்கொள்வதாக இருந்தேன். விதியில் அதற்குத் தடையில்லை.

மேடையில் ஒரே ஒரு கை எழுந்தது, வளையல்கள் முழங்கை வரை சரிய. சாவித்ரி. நேராக என்னைப் பார்த்துத்தான் தூக்கியிருந்தாள்.

ஒன்று என்று எழுதிக்கொண்டேன். அதற்கு மேல் இன்னொன்று சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.