குழந்தையோடு வருபவர்களுக்கு மட்டும்

சனிக்கிழமை காலையானால் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வாசல் முழுக்கக் குட்டிக் குட்டிச் செருப்புகள். ஒன்று இங்கே கிடந்தால் அதன் ஜோடி எங்கேயோ கிடக்கும். அவற்றைக் காலால் ஓரம் ஒதுக்கிவிட்டுத்தான் கதைக்காரம்மா உள்ளே போவாள். அலுவலகத்தில் அவள் உதவி நூலகர். ஐந்து வயதுக்குக் கீழே இருந்த யாருக்கும் அந்தப் பதவி வாயில் நுழையவில்லை. பிள்ளைகள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

பிள்ளைகள் வருவதற்கு முன்னால் விரிப்பை உதறிப் போடுவாள். கெட்டி அட்டைப் புத்தகங்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். பல் பதியாத புத்தகம் அந்த அறையில் ஒன்றுகூட இல்லை. புதிதாக வரும் அம்மாக்கள் பதறிப்போய்ப் பிள்ளையின் வாயிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினால், "விடுங்கம்மா, முதல்ல கடிக்கட்டும், அப்புறம் படிக்கட்டும்" என்பாள். கைதட்டிப் பாடுகிற பாட்டுகள், அப்புறம் கையுறைப் பொம்மைகளை வைத்துக் கதை. கதை முடிந்ததும் பெற்றோர் வீட்டுக்குப் புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். புத்தகமும் அதற்கேற்ற விளையாட்டுச் சாமானும் சேர்த்துப் போட்ட துணிப்பைகளும் உண்டு. என் பிள்ளை இன்னும் பேசலையே, என் பிள்ளை ஒரே இடத்தில் உட்கார மாட்டேங்குதே என்று வருகிறவர்களோடு அவளும் தரையில் உட்கார்ந்து பேசுவாள்.

அந்தக் கூட்டத்தில் வாண்டு என்று ஒருவன் இருந்தான். தலை நிற்காத வயதிலேயே அம்மாவின் தோளில் தொங்கிக்கொண்டு வர ஆரம்பித்தவன். நடக்கக் கற்றது அந்த விரிப்பில்தான். சிங்கம் வரும் கதையில் சிங்கம் வருவதற்கு முன்பே உறுமிவிடுவான். பக்கத்துப் பிள்ளை பொம்மையைப் பிடுங்கினால் பேச்சே கிடையாது, கடிதான். அவன் அம்மா ஒரு சலவை நிலையத்தில் ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். சனிக்கிழமை காலை பாதி வேலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, உள்ளங்கையில் சூடு ஆறாமலேயே வந்து சேருவாள். அங்கே எல்லா அம்மாக்களையும் போல அவளுக்கும் பிள்ளையின் பெயர்தான். வாண்டு அம்மா.

மூன்று வயது முடிந்த கொஞ்ச நாளில் வாண்டுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவன் கண் திறக்கவில்லை. அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

கதைக்காரம்மா துக்கத்துக்குப் போனாள். ஆட்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றாள். அப்படியே திரும்பி வந்தாள். அடுத்த சனிக்கிழமை சிங்கக் கதை பக்கமே போகவில்லை. சிங்கப் பொம்மையை அலமாரியின் மேல்தட்டில் தள்ளி வைத்தாள். பிள்ளைகள் சிலர் வாண்டு எங்கே என்று கேட்டார்கள். "ஊருக்குப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெற்றோர் முகத்தில் அப்பாடா என்றிருந்தது. அதனால் அந்தப் பொய் அப்படியே நின்றுவிட்டது.

சில வாரங்கள் கழித்து வாண்டு அம்மா வந்தாள். தனியாக.

கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, எப்போதும் உட்காரும் ஜன்னல் மூலையில் காலை மடக்கி உட்கார்ந்தாள். அறையில் பேச்சு சட்டென்று நின்றது. கதைக்காரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாண்டு அம்மா ஒன்றும் செய்யவில்லை. எல்லாரோடும் கை தட்டினாள். கதை கேட்டாள். முடிந்ததும் விரிப்பில் சிதறிக் கிடந்த கட்டைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள். "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும்.

முதலில் எல்லாரும் அவளிடம் பாசமாகத்தான் இருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், தோளைத் தொட்டார்கள். போகப் போகச் சங்கடம் வந்தது. அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? யார் மடி காலியாக இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்று அவள் மடியில் ஏறினால், அதன் அம்மா ஏதோ சாக்குச் சொல்லித் தூக்கிக்கொண்டு போவாள்.

ஏன் பாப்பா என்று ஒரு நாலு வயதுக்காரி உண்டு. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பதால் வந்த பெயர். ஒரு சனிக்கிழமை பாட்டு முடிந்து கதை தொடங்கும் இடைவெளியில், அவள் எழுந்து நேராக ஜன்னல் மூலைக்குப் போனாள்.

"வாண்டு ஊருலேருந்து எப்ப வருவான்?"

கதைக்காரம்மா அவசரமாக ஒரு பொம்மையைக் கையில் மாட்டினாள். வாண்டு அம்மா குழந்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் ஊருக்குப் போகல கண்ணு. செத்துப் போயிட்டான்."

"ஏன்?"

"காய்ச்சல் வந்துச்சு. ரொம்பப் பெரிய காய்ச்சல். டாக்டர் மருந்து குடுத்தாரு. கேக்கல."

"சரியாயிட்டு வருவானா?"

"இல்லம்மா. செத்துப் போனா வர முடியாது."

"எனக்குக் காய்ச்சல் வந்தா?"

"உனக்கு வர்ற காய்ச்சலெல்லாம் சின்னக் காய்ச்சல். சரியாயிடும்."

ஏன் பாப்பா வாண்டு அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். வாண்டு அம்மா அவளை அணைக்கவில்லை. கையைத் தரையில் ஊன்றி, குழந்தை சாய்ந்தபோது முதுகு வலிக்காமல் பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஆனால் ஏன் பாப்பாவின் அம்மா எழுந்து வந்த வேகத்தில் இரண்டு பிள்ளைகள் அழ ஆரம்பித்தன.

"சின்னப் புள்ளகிட்ட பேசுற பேச்சா இது? உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. அதுக்காக?"

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பின்னாலேயே இன்னும் இரண்டு குடும்பம். அன்றைக்குக் கதையை எப்படி முடித்தாள் என்று கதைக்காரம்மாவுக்கே நினைவில்லை.

திங்கள்கிழமை தலைமை நூலகர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், யாரையும் கடிந்து பேசாதவர். பெற்றோர் பலபேர் சேர்ந்து வந்து முறையிட்டதாகச் சொன்னார். ஏன் பாப்பா ராத்திரியெல்லாம் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அழுகிறாளாம்.

"கதவுலயே போர்டு இருக்கில்லம்மா. குழந்தையோடு வருபவர்களுக்கு மட்டும்னு."

"அது கண்ட ஆளுங்க வந்து தூங்குறாங்கன்னு வெச்சது சார்."

"எதுக்கு வெச்சா என்ன, விதி விதிதானே. ஒருத்தருக்குத் தளர்த்தினா நாளைக்கு இன்னொருத்தர் வந்து நிப்பாரு. நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க. உங்ககிட்டதான் அவங்க நல்லாப் பழகுறாங்க."

அவள் வாதாடிப் பார்த்தாள். உதவிக்கு ஆள் என்று வைத்துக்கொள்ளலாமே, கட்டை பொறுக்கிப் போடவாவது என்றாள். மேலே கேட்க வேண்டும், பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமுக்கு அர்த்தம் என்ன என்று அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், அவளும் ஓரளவுக்கு மேல் வாதாடவில்லை. அறை பழையபடி ஆகட்டும் என்ற எண்ணம் அவளுக்குள்ளும் ஒரு மூலையில் இருந்தது. அது தெரிந்ததால்தான் தலைமை நூலகரின் அறையைவிட்டு வெளியே வரும்போது அவளால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

எல்லார் முன்னாலும் சொல்ல மனம் வராமல் சலவை நிலையத்துக்கே போனாள். உள்ளே நீராவி முகத்தில் அடித்தது. நீளமான மேசையில் வெள்ளை விரிப்பை இழுத்துப் பிடித்து, வாண்டு அம்மா இஸ்திரியை ஓட்டிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் மடிப்பதற்கு ஆள் வரவில்லை போல. கதைக்காரம்மா பேச்சைத் தொடங்கத் தெரியாமல் அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக இழுத்து, மடித்து, மறுபடி மடித்தார்கள். சில விரிப்புகள் அப்படியே போயின.

"வர வேணாம்னு சொல்ல வந்திருக்கீங்க" என்றாள் வாண்டு அம்மா.

"விதி அப்படி இருக்கு. நான் சொல்லிப் பாத்தேன்."

"சரிக்கா."

அந்தச் சரியில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நான் அந்தப் பொண்ணப் பயமுறுத்தணும்னு சொல்லலக்கா. கேட்டா, சொன்னேன். இத்தன நாள்ல அவனப் பத்தி என்னை யாரும் ஒண்ணும் கேக்கல." இஸ்திரியை நிமிர்த்தி வைத்தாள். "எங்க வீட்டுக்காரர் அவன் சட்டையெல்லாம் மூட்டையாக் கட்டி எங்கயோ குடுத்துட்டாரு. பேரு எடுத்தா எந்திரிச்சு வெளிய போயிடுறாரு. ஊருக்குப் போயிருக்கான்னு நீங்க சொல்லியிருக்கீங்க. அப்படிச் சொன்னா அவன் என்னிக்கோ ஒருநாள் வரணுமில்ல? வரலன்னா அந்தப் புள்ளைங்க அவனத்தானே தப்பா நெனைக்கும், நம்மள மறந்துட்டான்னு."

கதைக்காரம்மா கையிலிருந்த விரிப்பின் முனையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"நீங்களும் நான் சொன்னது தப்புன்னுதான் நெனைக்கிறீங்களா?"

இல்லை என்று சொல்ல வந்தாள். அதற்குள் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். வாண்டு அம்மா இஸ்திரியைக் கையில் எடுத்துவிட்டாள். கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே கதைக்காரம்மா படியிறங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை விரிப்பு நிறைய ஆள். ஏன் பாப்பாவும் வந்தாள், அவள் அம்மாவும் சிரித்த முகமாக வந்தாள். ஜன்னல் மூலையில் யாரோ பையை வைத்துக்கொண்டார்கள். ஏன் பாப்பா அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். வாண்டின் அப்பா வந்தார். குழாய் வேலை செய்கிறவர், வேலை உடுப்போடே வந்திருந்தார். ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தார். கடைசி வாரம் வாண்டுக்காக எடுத்துப் போன புத்தகமும் மர விலங்குகளும் அதில் இருந்தன.

"திருப்பிக் குடுக்கணுமேன்னு வந்தேன் மேடம். நாளாயிடுச்சு."

"பரவாயில்ல. அவங்க எப்படி இருக்காங்க?"

அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். "வேலைக்குப் போறதில்ல. சாப்பிடுன்னா சாப்பிடுறா, இல்லன்னா இல்ல. படுத்தே கெடக்குறா. முன்னெல்லாம் சனிக்கிழம மட்டும் குளிச்சுத் தலை வாரிக் கெளம்புவா. எங்க போறான்னு நான் கேக்கல. கேக்க பயம். இங்கதான் வந்துட்டு இருந்தாளாம், சலவைக் கடையில சொன்னாங்க." பிறகு மெதுவாக, "இப்ப அதுவும் இல்ல" என்றார்.

குறை சொல்கிற தொனியே இல்லை. அவர் போன பிறகும் அவள் அந்தப் பையைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். ஒருத்தி வாரத்தில் ஒருநாள் தலை வாரிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. அதை நாம்தான் பக்குவமாகப் பிடுங்கினோம் என்ற நினைப்பு அவளை விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை கதை நேரம் முடிந்து அறையைப் பூட்டியதும் அவர்கள் வீட்டுக்குப் போனாள். கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும். கதவைத் திறந்த வாண்டின் அப்பா, அவளைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். வாண்டு அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை.

கதைக்காரம்மா தரையில் உட்கார்ந்தாள். "நீங்க சொன்னது தப்பில்ல" என்றாள். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். நான்தான் தப்பாச் சொன்னேன், ஊருக்குப் போயிருக்கான்னு."

சமையலறையில் அவர் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போய்விடலாமா என்று அவள் நினைத்தபோது, சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இன்னிக்கு யாரெல்லாம் வந்தாங்க?"

அவள் சொன்னாள். புதிதாக வந்த இரட்டைப் பிள்ளைகளைப் பற்றி. கதை பாதியில் இருக்கும்போது விரிப்பை நனைத்தவனைப் பற்றி. முயல் பொம்மையின் காதை ஒரு சுருட்டைமுடிக்காரன் பிய்த்ததையும், கேட்கப் போன பிள்ளையின் கையைக் கடித்து வைத்ததையும், இரண்டு அம்மாக்களும் முறைத்துக்கொண்டதையும் சொன்னாள்.

"வாண்டு இருந்தா அந்தச் சுருட்டைமுடியத் திருப்பிக் கடிச்சிருப்பான்" என்றாள் அவன் அம்மா.

சமையலறையில் தண்ணீர் நின்றது. அவர் வந்து நிலைப்படியில் நின்றார். கை ஈரம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே போய்விடுவார் என்றுதான் கதைக்காரம்மா நினைத்தாள்.

"நல்லாக் கடிப்பான்" என்றார். "இங்க பாருங்க." முழங்கையை மடக்கிக் காட்டினார். அங்கே ஒரு தழும்பும் இல்லை. எப்போதோ ஆறிப்போயிருக்கும். ஆனாலும் அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. வாண்டு அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

நூலகத்தில் விதி மாறவில்லை. மேலே கேட்டார்களா என்பதும் தெரியவில்லை. வாண்டு அம்மா அந்தப் பக்கம் பிறகு வரவில்லை. கொஞ்ச காலம் கழித்துச் சலவை நிலையத்துக்குத் திரும்பினாள். கதைக்காரம்மா சனிக்கிழமைகளில் அறையைப் பூட்டிவிட்டு அந்த மாடிக்குப் போய், அன்று வந்த பிள்ளைகளின் சேட்டைகளை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வருவாள். சில நாள் கேட்பார்கள், சிரிக்கக்கூடச் செய்வார்கள். சில நாள் கதவே திறக்காது. அப்போது படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.