முள் சாய்ந்த பக்கம்

புங்குடுதீவில் ஜெனீற்றாவின் பழைய ட்ராக்ரர் உறுமியதும், பற்றரிக்குச் சார்ஜ் ஏறினால் பிளஸ், இறங்கினால் மைனஸ் என்று காட்ட அவள் புதிதாகப் பூட்டிய அம்பியர் மீற்றரின் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது.

“பற்றரியைச் சார்ஜ் பண்ணுற டைனமோ செத்துப்போச்சு. அப்பவே சொன்னனான் எல்லே?” மெக்கானிக் யாகப்பு டைனமோவைக் கழற்ற ஸ்பானரோடு குனிந்தார்.

“பொறுங்கோ அண்ணை!”

ஜெனீற்றா எஞ்சினை நிறுத்தி, லைற்றை மட்டும் போட்டாள். லைற் எரிந்து பற்றரி இறங்கும்போது முள் மைனசுக்குத்தான் போகவேண்டும். அதுவோ பிளசுக்குப் பாய்ந்தது.

“மீற்றர்தான் தலைகீழாய்ச் சொல்லுது. புது வாகனம் மாதிரி மீற்றர் வயரைக் கொழுவச் சொன்னது நீங்கள். புதுசுகளிலை பற்றரியின்ர மைனஸை இரும்புச் சட்டத்தோட பூட்டுறது; இந்தப் பழசுக்குப் பிளஸ்தான் எர்த்.”

அவருடைய ஸ்பானரையே பறித்தாள். பற்றரியைக் கழற்றி, மீற்றரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி முறுக்கி, மறுபடி கொழுவி ஸ்ராட் பண்ணினாள். முள் பிளஸ் பக்கம் துள்ளி ஏறியது.

“இந்தாங்கோ,” என்று ஸ்பானரை நீட்டினாள். “பைக்குள்ள வையுங்கோ. டைனமோ உழைக்குது.”