செத்தவனின் விரல்கள்

கனடாவின் ஆல்பர்ட்டா மலையடிவாரத்தில் முகப்பு மட்டும் கட்டி நிறுத்திய ஊர் அது. சலூன் என்கிற சாராயக்கடையின் கதவைத் திறந்தால் பின்னால் புல்வெளிதான். தொலைக்காட்சிக்கான கௌபாய் படம். அன்று கடைசி நாள் படப்பிடிப்பு. சுடப்பட்ட வில்லன் குதிரையோடு சாய வேண்டும். வில்லனின் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு அவனுக்குப் பதிலாக விழப்போகிறவள் லோர்னா பெட்ரி. அவளோடு விழப்போகிற குதிரை பிஸ்கட்.

பிஸ்கட்டுக்கு வயதாகிவிட்டது. இன்று ஒழுங்காக விழவில்லையென்றால் அடுத்த படத்துக்கு வேறு குதிரைதான் என்று இயக்குநர் ஹாஸ்கெட் காலையிலேயே சொல்லிவிட்டார். வேலையில்லாத குதிரையை வைத்துத் தீனி போட குதிரைக்காரர் மெர்லுக்கு வசதி இல்லை, ஏலத்துக்குத்தான் அனுப்புவார். கிழட்டுக் குதிரையை ஏலத்தில் எடுப்பவர்கள் இறைச்சிக்காரர்கள்தான். இத்தனை வருடங்களாக எலும்பு முறியாமல் லோர்னாவை மண்ணில் இறக்கிவிட்டது அதுதான்.

விழுகிறவரே தன் இடத்தை வெட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். முந்தின நாள் பிஸ்கட்டைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு லோர்னா குழி வெட்டினாள். கல் பொறுக்கி, மணலும் மரத்தூளும் நிரப்பி, மேலே புழுதி தூவியதும் அது தெருவோடு தெருவாகிவிட்டது. அடையாளத்துக்கு ஓரத்தில் ஒரு காட்டுச்செடியை நட்டாள்.

"கெழவனை நம்பி ஏறுறே," என்றார் மெர்ல், படப்பிடிப்புக்குச் சேணத்தை இறுக்கியபடி.

"உங்களை நம்பி ஏறுனாத்தான் பயம். இவன் தொணதொணக்கவாவது மாட்டான்."

துப்பாக்கி வெடித்தது. செடி நெருங்கியதும் லோர்னா விழச்சொல்லிக் கடிவாளத்தைப் பக்கவாட்டில் இழுத்தாள். பிஸ்கட் விழவில்லை. கழுத்தை விறைத்துக்கொண்டு ஓடியது. மறுபடி இழுத்தாள், கேட்கவில்லை. எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தபோது, சலூனையும் தாண்டிப் போய், அது தானாகவே தோளை மடக்கிச் சாய்ந்தது. அவள் தான் வெட்டிய குழியின் மெத்தென்ற மணலில் புதைந்தாள்.

யாரோ செடியை நகர்த்தியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் இழுத்த இடம் லாரிகள் ஓடி இறுகிய சரளை.

கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. செத்தவன் அசையக்கூடாது. கன்னத்தின் கீழே பிஸ்கட்டின் கழுத்து சூடாக ஏறி இறங்கியது.

காட்சி முடிந்ததும் ஹாஸ்கெட் கடுகடுவென்று வந்தார். அரங்க அலங்காரப் பிரிவு டுவேன் தலையைச் சொறிந்தான். செடி பின்னாலிருந்த தேவாலயத்தை மறைத்ததாம். சட்டகம் அழகாக இருக்கட்டுமென்று பிடுங்கி இந்தப் பக்கம் நட்டானாம். ஹாஸ்கெட் பூட்ஸ் நுனியால் சரளையைக் குத்திப் பார்த்தார். புழுதிகூடக் கிளம்பவில்லை. அங்கே விழுந்திருந்தால் நொறுங்கியிருக்கும் லோர்னாவின் இடுப்பைப் பார்த்தார், பிறகு குதிரையை.

"குண்டு பட்டும் வில்லன் இவ்வளவு தூரம் ஓடி விழுறான்," என்றார் தாழ்ந்த குரலில். "நான் யோசிச்சதைவிட நல்லாயிருக்கு. மெர்ல், அடுத்த படத்துக்கும் இவனையே கூட்டிட்டு வாங்க."

டுவேன் தன் மதியச் சாப்பாட்டு ஆப்பிளை பிஸ்கட்டிடம் பயபக்தியோடு நீட்டினான்.

பனிக்காலத்தில் படம் ஒளிபரப்பானது. மெர்ல் வீட்டுச் சமையலறையில் அவரும் லோர்னாவும் பார்த்தார்கள். கதாநாயகன் துப்பாக்கியை உறையில் செருகிவிட்டுச் சூரியனைப் பார்த்து நடந்தான்.

"ஓரத்துல பாரு," என்றார் மெர்ல். "செத்தவன் கை."

பிடரி மயிருக்குள் வில்லனின் விரல்கள் மெல்ல அளைந்துகொண்டிருந்தன. ஹாஸ்கெட் அதை வெட்டாமல் விட்டிருந்தார். அசைந்தது அவளுக்கே தெரியாது. லோர்னா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, பனியில் கால் புதையப் புதைய பிஸ்கட்டின் கொட்டகைக்கு நடந்தாள்.