கே ஒன்றைவிடக் குறைவு

செருப்புகள்தான் முதலில் விழுந்தன, ஆட்களுக்கு முன்னால், ஒரு ஹீல்ஸ், ஒரு பாட்டா, பிறகு மழை பிடித்ததுபோல் ஜோடி ஜோடியாக, பொருட்காட்சியின் கொலம்பஸ் கப்பல் என் தலைக்கு மேலே தலைகீழாக நிற்கிறது, நாற்பது பேர் அதிலிருந்து தொங்குகிறார்கள், மடிக்குக் குறுக்கே பூட்டிய கம்பி சிலரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சிலரைப் பிடிக்கவில்லை, சாயங்கால வெயில் கப்பலின் அடிவயிற்றில் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது, வெயில் படாத இடம் அது, இன்றைக்குத்தான் மேலே வந்திருக்கிறது, நான் டெல்லி அப்பளக் கடை ஓரத்தில் கையில் அப்பளத்தோடு நிற்கிறேன், என் கால் பக்கத்தில் ஒரு சின்ன நீலச் செருப்பு வந்து விழுகிறது, குனிந்து எடுக்கலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அந்தக் குழந்தையும் விழுந்தது.

அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன், எழுதினால் சின்னதாகிவிடும், அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கறுப்புத் திரைதான் வருகிறது, கல்லூரி ஆய்வகத்தின் பழைய கம்ப்யூட்டர், அதில் ஒரு கணக்குப் புரோகிராம், கறுப்பில் வெள்ளை எழுத்து, படம் கிடையாது, பொத்தான் கிடையாது, வரி வரியாக நாம் தட்ட வேண்டும், வரி வரியாக அது பதில் சொல்லும், எண்ணைக் கொடுத்தால்தான் கணக்கு என்று இல்லை, எழுத்தை எழுத்தாகவே வைத்துக்கொண்டு கூட்டும், பெருக்கும், தொகையீடு போடும், வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைத்தால் செய்ததைச் சொல்லும், டாலர் குறி வைத்தால் வாயைத் திறக்காமல் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், எதுவும் வைக்காவிட்டால் நாள் முழுக்கக் காத்திருக்கும், பாலிடெக்னிக்கில் பதினோரு வருடமாக மெக்கானிக்ஸ் நடத்துகிறேன், அதைப்போல் பொறுமையான ஆளை நான் பார்த்ததில்லை, அதனால்தான் ஆவுடையப்பன் அண்ணாச்சி பொருட்காட்சியில் ஓடும் தன் ராட்டினங்களுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று வந்து நின்றபோது சரி என்றேன், தாளில் போட்டால் இரண்டு நாள், இதில் போட்டால் ஒரு டீ குடிக்கும் நேரம்.

கப்பலின் அடியில் ஒரு ரப்பர் டயர் உண்டு, கப்பல் வந்து போகும்போதெல்லாம் அது உரசித் தள்ளும், ஒவ்வொரு தள்ளலுக்கும் கப்பல் இன்னும் கொஞ்சம் ஏறும், எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு எழுத்து வைத்திருந்தேன், கே, கே ஒன்றைவிடக் குறைவாக இருந்தால் கப்பல் ஏறிவிட்டுத் திரும்பி வரும், அதிகமாக இருந்தால் திரும்பாது, உச்சியைத் தாண்டிச் சுற்றிவிடும், அவ்வளவுதான் விஷயம், புரோகிராமுக்கும் அது தெரியும், அதனால் தொகையீட்டின் நடுவில் நின்று கேட்கும், கே கழித்தல் ஒன்று, மிகையா, குறையா, பூச்சியமா, நான் குறை என்று தட்டுவேன், இரண்டு வரி போகும், மறுபடி கேட்கும், மிகையா, குறையா, பூச்சியமா, அன்றைக்கு எட்டாவது முறை கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சந்தேகத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்கும் பையனை உட்காரச் சொல்வதுபோல், கோப்பின் முதல் வரியிலேயே எழுதினேன், கே ஒன்றைவிடக் குறைவு என்று வைத்துக்கொள், கடைசியில் டாலர் குறி வைத்தேன், அதற்குப் பிறகு அது கேட்கவே இல்லை.

அது பழைய மோட்டார், அதற்கு அந்த வரி உண்மை, மூன்று வருடம் அந்தக் கோப்பு என் பென்டிரைவில் கிடந்தது, இந்த வருடம் அண்ணாச்சி பெரிய மோட்டார் வாங்கி, எத்தனை தள்ளல், எத்தனை நொடி என்று ஒரு பெட்டியில் பதிந்து வைத்துவிட்டால் தானாகவே ஓட்டும்படி செய்தபோது, கோப்பைத் திறந்தேன், கடைசியில் இருந்த எண்களை மட்டும் மாற்றினேன், முதல் வரியைப் பார்க்கவில்லை, கே குறைவு என்று நம்பி அது சுருக்கித் தந்த சூத்திரத்தில் புது எண்கள் போய் உட்கார்ந்தன, அழகான விடை, எட்டுத் தள்ளல் வரை ஆபத்தில்லை, கையெழுத்துப் போட்டேன், சீல் வைத்தேன்.

கேட்காமல் இல்லை, ஒருவன் கேட்டான், சூசை மிக்கேல், பதினாறு வருடமாக அந்தக் கப்பலின் லீவரைப் பிடித்தவன், பாதி இருக்கைகளில் மட்டும் மணல்மூட்டை ஏற்றி வெள்ளோட்டம் பார்த்த காலையில் கைலியில் கிரீஸ் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தான், மேடம், எட்டாவது தள்ளுல மூக்கு ரொம்ப ஏறுது, ஆள் நெறைஞ்சா சுத்திருமோன்னு இருக்கு, அண்ணாச்சி சிரித்தார், ஏல, மேடம் கம்ப்யூட்டர்லயே பாத்துட்டாங்க, நீ என்னலே அதுக்கு மேல, சூசை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான், நான் சொன்னேன், கணக்குல பாத்தாச்சு சூசை, திரும்பித்தான் வரும், அப்பச் சரி மேடம், இத்தன வருசமா என் கைதான் கணக்கு, இனி கைக்கு லீவு போட்டுட்டு பீடி வலிக்க வேண்டியதுதான் என்று போனான், அவனுக்கும் ஒரு டாலர் குறி வைத்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது அவன் கப்பலுக்கு அடியில் இருக்கிறான், சங்கு ஊதுவதுபோல் இரும்பு அலறுகிறது, தலைகீழாக நின்ற கப்பல் மறுபக்கமாகச் சரிகிறது, கரண்ட்டை நிறுத்திவிட்டான், நிறுத்தி என்ன, ஏறிய வேகம் கப்பலுக்குள் இருக்கிறது, கை பிரேக்கின் லீவரை இரண்டு கையாலும் அமுக்கி அதன்மேல் தன் உடம்பையே போட்டிருக்கிறான், பிரேக் சிவக்கிறது, ரப்பர் புகை, தோல் கருகும் வாசனை, நான்கு ஆட்டத்தில் கப்பல் நின்றது, நின்றது அவனால்தான், கீழே மூன்று பேர் கிடந்தார்கள், அப்போதுதான் கூட்டம் வேலியை உடைத்தது, லீவர அமுக்கிக்கிட்டே நின்னான்யா, என் கண்ணால பாத்தேன் என்று ஒருவர் கத்தினார், அவர் பார்த்தது உண்மைதான், அந்த உண்மையை வைத்துக்கொண்டு அடித்தார்கள், சவுக்குக் கம்பால், ட்யூப் லைட்டால், யாரோ வேலியின் இரும்புக் குழாயைப் பிடுங்கி வந்தார், லீவரிலிருந்து இழுத்தபோது உள்ளங்கைத் தோல் லீவரிலேயே இருந்தது, முழங்கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியது, ஒரு பாட்டில் உடைந்தது, அவன் இடது கண் இருந்த இடத்தில் சிவப்பு, மற்ற கண் என்னைக் கண்டுபிடித்தது, பத்தடிதான், மேடம் சொல்லுங்க மேடம், அதை மட்டும்தான் சொன்னான், நான் வாயைத் திறந்தேன், ஒருவர் என் தோளைத் தொடாமல் கையை நீட்டி, தள்ளிப் போங்கம்மா, பொம்பளைங்க இதப் பாக்க வேண்டாம் என்று மரியாதையாக வழிவிட்டார், நான் அந்த வழியில் நடந்தேன், தெருவிளக்குக்குக் கீழே வந்த பிறகுதான் கையில் இன்னும் அப்பளம் இருப்பது தெரிந்தது, மிளகாய்ப்பொடி விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

சூசையை ஆஸ்பத்திரிக் கட்டிலோடு விலங்கு போட்டிருக்கிறார்கள், மூன்று உயிர், ஆபரேட்டர்மேல் வழக்கு, அண்ணாச்சி என் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு வரி போதும் மேடம், லீவர அதிகமா அமுக்கிட்டான்னு, உங்க வேலையும் போகாது, என் தலையும் தப்பும், அவன் எப்படியும் உள்ளதான போகப்போறான், நான் காபி கொடுத்தேன், கொடுத்தேனா, கனவில் கொடுத்தேனா, கனவில் சூசை கறுப்புத் திரைக்குள் இருக்கிறான், வெள்ளை எழுத்தாக, மேடம், மிகையா, குறையா, பூச்சியமா, நான் தட்டத் தட்ட விசைகள் உள்ளங்கைத் தோலாக விரலில் ஒட்டுகின்றன, காலையில் ஆய்வகத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்தேன், முதல் வரி அங்கேயே இருந்தது, அதன் வாலில் டாலர் குறி, சேமிக்காமல் அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டினேன், மூன்று வருடத்துக்குப் பிறகு அது கேட்டது, கோபமே இல்லாமல், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை, சுவரில் புரொஜெக்டர் வழியாக என் கறுப்புத் திரை விழுந்திருக்கிறது, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் சூசை, ஒரு கை மாவுக்கட்டில், ஒரு கண் பஞ்சில், அவன் மனைவி ரெஜினா சுவரோடு சுவராக, முன்வரிசையில் அந்தக் குழந்தையின் அம்மா, மடியில் ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், அண்ணாச்சி என்னைப் பார்த்து மெல்லத் தலையசைக்கிறார், கோட்டாட்சியர், எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்கம்மா என்கிறார், நான் வாயால் சொல்லவில்லை, முதலில் பழைய கோப்பை ஓட்டினேன், ஒரு கேள்வி இல்லாமல் விடை வந்தது, எட்டு, பிறகு எல்லாரும் பார்க்க முதல் வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன், புது மோட்டாரின் கணக்கை ஓட்டினேன், நின்றது, சுவர் முழுக்கக் கேள்வி, கே கழித்தல் ஒன்று, மிகையா, குறையா, பூச்சியமா, மிகை என்று தட்டினேன், அரைப்புள்ளி வைத்தேன், அது சொன்னது, நான் தமிழில் சொன்னேன், ஆள் நிறைஞ்சு ஆறாவது தள்ளலுக்கு மேல போனா இந்தக் கப்பல் திரும்பாது, நான் எட்டு எழுதிக் கொடுத்தேன், இந்தக் கேள்வியை இது கேக்க விடாமப் பண்ணது நான்தான், சூசையும் கேட்டார், அவரையும் நான்தான் வாயை மூட வச்சேன், அன்னைக்கு அவர் பிடிச்சிருந்தது பிரேக்.

அண்ணாச்சி எழுந்து என்னவோ சொன்னார், கேட்கவில்லை, சூசை தனக்கிருந்த ஒரு கண்ணால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்க்கவில்லை, ரெஜினா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள், அந்த அம்மா மட்டும் பையைத் திறந்தாள், அவசரமில்லாமல், வீட்டில் எதையோ தேடி எடுப்பதுபோல், கையில் நீலமாக ஒன்று வந்தது, என் உதட்டில் வந்து அடித்தது, பல் உதட்டைக் கிழித்தது, போலீஸ்காரர் பாய்ந்தார், விடுங்க, ஒண்ணும் செய்யாதீங்க என்றேன், ரத்தம் தாடையில் இறங்கி மடியில் சொட்டுகிறது, குனிந்து பார்க்கிறேன், அன்றைக்கு என் கால் பக்கத்தில் விழுந்த அதே சின்னச் செருப்பு, வார் அறுந்து, மண் காய்ந்து, இன்றைக்கு என் கீபோர்டின்மேல் குப்புற விழுந்து கிடக்கிறது, அதன் குதிகால் ஏதோ ஒரு விசையை அமுக்கியிருக்கிறது, சுவரில் அதே எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது, வரி நிரம்பி அடுத்த வரிக்கு இறங்கி, அதற்கடுத்த வரிக்கு இறங்கி, அரைப்புள்ளி இல்லை, டாலர் குறி இல்லை, புரோகிராம் காத்திருக்கிறது, அன்றைக்கு எடுக்காத அந்தச் செருப்பை இன்றைக்கும் நான் எடுக்கவில்லை.